நியூயார்க்கில் முதல் குளிர்காலமா? பறவை பார்க்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஆறு சனிக்கிழமைகள் பறவை பார்க்கக் கிளம்பினேன். நான்கு வீணாய்ப் போயின. ஒரு நாள் தப்பான கிளைக்குப் போகும் ரயிலில் ஏறிவிட்டேன். ஒரு நாள் போய்ச் சேர்ந்த குளம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. ஒரு நாள் கடற்கரையில் வெயில் நேரே கண்ணில் அடித்து, தண்ணீரில் இருந்த அத்தனையும் கறுப்புப் புள்ளியாகவே தெரிந்தது. இன்னொரு நாள் கைவிரல் மரத்துப்போய் அரை மணி நேரத்தில் திரும்பினேன். அந்த நான்கு நாளும் பறவைகள் வந்திருந்தன. மற்றவர்கள் இணையத்தில் பதிந்திருந்த பட்டியல்களைப் பிறகு பார்த்தபோதுதான் அது தெரிந்தது.

குளிர் வந்தால் பறவைகளெல்லாம் தெற்கே போய்விடும், இங்கே புறாவும் சிட்டுக்குருவியும்தான் மிஞ்சும் என்று பலர் நினைக்கிறார்கள். கனடாவிலும் ஆர்க்டிக்கிலும் இருக்கும் பறவைகளுக்கு நியூயார்க்தான் தெற்கு. வடக்கே ஏரிகள் உறைந்ததும் வாத்துகள் உறையாத தண்ணீரைத் தேடி இறங்கி வருகின்றன. இந்த நகரத்தைச் சுற்றி ஆறும் விரிகுடாவும் கடலும் அலையேற்ற இறக்கத்தோடு அசைந்துகொண்டே இருப்பதால் அவற்றுக்கு இங்கே சாப்பாடு கிடைக்கிறது. மரங்களில் இலை கிடையாது. வாத்துகள் திறந்த வெளியில் மிதக்கின்றன. புதிதாகக் கற்றுக்கொள்ள இதைவிட எளிதான பருவம் இல்லை என்பது என் கருத்து.

1. காலமும் நேரமும்

நவம்பர் பாதியிலிருந்து மார்ச் பாதி வரை பார்க்கலாம். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய உச்சம். மார்ச் முடிவதற்குள் பெரும்பாலான வாத்துகள் கிளம்பிவிடும்.

விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை. வசந்தத்தில் பாடும் சிறு பறவைகளுக்குத்தான் அந்த அவசரம். வாத்துகள் நாள் முழுக்கத் தண்ணீரில்தான் இருக்கும். ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் உதிக்கவே 7:20 ஆகும். எட்டரைக்கு இடத்தில் இருந்தால் போதும். மாலையில்தான் கவனம் வேண்டும். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பினால் போய்ச் சேரும்போது இருட்டு.

வானிலையைப் பார்க்கும்போது வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். இங்கே எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு, 32 என்றால் தண்ணீர் உறையும் நிலை. ஆனால் உங்களைத் திருப்பி அனுப்பப் போவது குளிரைவிடக் காற்றுதான். 25 டிகிரி இருந்து காற்று அசையாத நாளில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன். 38 டிகிரியில் மணிக்கு 20 மைல் காற்று அடித்த நாளில் கடற்கரையில் இருபது நிமிடம்கூட நிற்க முடியவில்லை. காற்றில் கை நடுங்கும், கண்ணில் நீர் வரும், அலையில் வாத்துகள் மறைந்து மறைந்து தெரியும். காற்று 15 மைலுக்கு மேல் என்றால் கடலோரத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டுப் பூங்காவுக்குள் போங்கள்.

2. காகிதங்கள்

புதிதாக வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா? பறவை பார்க்க எந்த அனுமதியும் வேண்டாம். சென்ட்ரல் பார்க், பிராஸ்பெக்ட் பார்க், பெல்ஹாம் பே பார்க் எல்லாவற்றுக்கும் நுழைவு இலவசம். ஜமைக்கா பே வனவிலங்குப் புகலிடம் மத்திய அரசின் தேசியப் பூங்காத் துறையின் கீழ் வருகிறது. அங்கேயும் கட்டணம் இல்லை.

கேமரா வைத்திருந்தால்: நகரத்தின் பொது இடத்தில் கையில் பிடித்தோ முக்காலியில் வைத்தோ படம் எடுக்க, நீங்கள் பாதையை மறிக்காத வரை அனுமதிச் சீட்டு தேவையில்லை. நகர நிர்வாகத்தின் விதியே அப்படி. குறுகலான நடைபாதையில் முக்காலியை விரித்து வைத்தால் ஓடுகிறவர்கள் தடுக்கி விழுவார்கள், அது வேறு விஷயம்.

ஒரே ஒரு இடத்தில் காகிதம் வேண்டும். நண்பர்கள், குடும்பங்கள் என்று 20 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நகரப் பூங்காவில் நிகழ்ச்சி மாதிரி கூடினால், பூங்காத் துறையிடம் சிறப்பு நிகழ்வு அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 25 டாலர், திரும்ப வராது. ஒரு மாதம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். தமிழ்ச் சங்கத்து நண்பர்களோடு போகத் திட்டமிட்டபோது, கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்புதான் எனக்கு இது தெரிந்தது. பத்துப் பத்துப் பேராக இரண்டு வெவ்வேறு நாட்களில் போனோம். உண்மையில் அதுதான் நல்லது. இருபது பேர் சேர்ந்து நின்றால் வாத்துகள் நடு ஏரிக்குப் போய்விடும்.

அவசியமில்லை, ஆனால் வாங்கி வைத்தால் உதவும் இரண்டு அட்டைகள் உண்டு. ஒன்று பொது நூலக அட்டை. இந்த மாநிலத்தில் வசித்தாலோ வேலை பார்த்தாலோ படித்தாலோ இலவசம். பறவைக் கையேட்டை விலை கொடுத்து வாங்குமுன் நூலகத்தில் நாலைந்தை எடுத்துப் பாருங்கள். 'கிழக்கு வட அமெரிக்கா' என்று அட்டையில் போட்டிருக்கும் பதிப்பாக இருக்கட்டும். மொத்தக் கண்டத்துக்குமான புத்தகத்தில் இங்கே வரவே வராத மேற்குக் கடற்கரைப் பறவைகளும் சேர்ந்து குழப்பும். இரண்டாவது ஐடிஎன்ஒய்சி எனப்படும் நகர அடையாள அட்டை. நகரத்தில் வசிக்கும் 10 வயது நிரம்பிய எவரும் இலவசமாக வாங்கலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று இரண்டும் கேட்பார்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டை அடையாளமாக ஏற்பார்கள். முகவரிக்கு மின்கட்டண ரசீது போன்ற ஒன்று. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

3. எதற்குச் செலவு, எதற்கு வேண்டாம்

பைனாகுலருக்குச் செலவு செய்யுங்கள். 8×42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். மங்கலான குளிர்கால வெளிச்சத்துக்கு அந்த 42 தேவை. 12 மடங்கு, 20 மடங்கு என்று இழுக்கும் விளம்பரங்களில் விழாதீர்கள். மடங்கு கூடக் கூட கைநடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பு சுருங்கும். '10-30 ஜூம்' என்று மலிவாக விற்பதை நான் வாங்கி, ஒரே மாதத்தில் அலமாரியில் வைத்துவிட்டேன். 100 முதல் 150 டாலருக்குள் நீர் புகாத, உள்ளே பனிமூட்டம் படியாத நல்ல 8×42 கிடைக்கும். கண்ணாடி அணிபவர் என்றால், கண்ணை எவ்வளவு தள்ளி வைத்துப் பார்க்கலாம் என்ற அளவு 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்.

விலைச் சீட்டில் இருப்பது கடைசி விலை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நகரத்தில் விற்பனை வரி 8.875 சதவீதம். 120 டாலர் பைனாகுலர் பில்லில் 130 டாலர் 65 சென்ட் ஆகிவிடும். உடைக்கும் காலணிக்கும் மட்டும் ஒரு சலுகை: ஒரு பொருளின் விலை 110 டாலருக்குக் கீழே இருந்தால் வரியே கிடையாது. 110ஐத் தொட்டுவிட்டால் மேலே உள்ள தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும் வரி விழும்.

உடையில் நான் செய்த தவறு, ஒரே ஒரு தடித்த கோட்டை நம்பியது. பறவை பார்ப்பது நடப்பதில்லை, நிற்பது. நிற்கும்போது குளிர் காலிலிருந்து ஏறும். உடம்போடு ஒட்டிய உள்ளாடை, அதன் மேல் கம்பளி, அதன் மேல் காற்று புகாத மேலங்கி என்று மூன்று அடுக்கு போடுங்கள். உள்ளாடை பருத்தியாக இருக்கக் கூடாது. நடந்து வரும் வேர்வையை அது பிடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் ஐஸ் மாதிரி ஆகிவிடும். காலணி அரை அளவு பெரிதாக, தடித்த கம்பளி சாக்ஸோடு. கைக்கு, விரல் பிரிந்த மெல்லிய கையுறையை முதலில் போட்டு, அதன் மேல் விரல் பிரியாத பெரிய உறையைப் போடுங்கள். பைனாகுலரைத் திருப்பும்போது பெரியதை மட்டும் கழற்றினால் போதும்.

கைபேசியைக் கோட்டின் உட்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளியே வைத்தால் 60 சதவீத பேட்டரி இருக்கும்போதே திடீரென்று அணைந்துபோகும். திரும்பும்போது ரயிலில் ஏறுமுன் பைனாகுலரைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் ரயிலின் வெதுவெதுப்பான காற்று பட்டால் முத்து முத்தாக நீர் கோத்துவிடும். அதைச் சட்டையால் துடைத்துத்தான் பலர் பூச்சைக் கீறிவிடுகிறார்கள்.

போக்குவரத்து: சப்வேயும் பேருந்தும் 2026 ஜனவரியிலிருந்து ஒரு பயணத்துக்கு 3 டாலர். பழைய மெட்ரோகார்டு விற்பனை நின்றுவிட்டது. வங்கி அட்டையையோ கைபேசியையோ தட்டிவிட்டு உள்ளே போகலாம். எப்போதும் ஒரே அட்டையைத் தட்டினால் ஏழு நாளில் 35 டாலரைத் தாண்டி வசூலிக்காது. மாற்றி மாற்றித் தட்டினால் அந்தக் கணக்கு சேராது.

பறவையை அடையாளம் காட்டும் மெர்லின், பார்த்ததைப் பட்டியலாகப் பதியும் ஈபேர்ட் என்ற இரண்டு செயலிகளும் இலவசம், இரண்டும் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தினுடையவை. மெர்லினில் வடகிழக்கு அமெரிக்காவுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஈபேர்டில் நீங்கள் போகவிருக்கும் இடத்தின் பக்கத்தைத் திறந்தால், எந்த வாரத்தில் எந்தப் பறவை எவ்வளவு அடிக்கடி தென்படுகிறது என்று பட்டை வரைபடம் இருக்கும். முதல்நாள் இரவு அதை ஐந்து நிமிடம் பாருங்கள். எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்து போனால் பாதி வேலை முடிந்தது.

4. முதல் இரண்டு முறை சென்ட்ரல் பார்க் நீர்த்தேக்கத்துக்கே போங்கள்

வேறெங்கும் போகாதீர்கள். பூங்காவின் நடுவில் 86ஆம் தெருவிலிருந்து 96ஆம் தெரு வரை பரந்து கிடக்கும் இந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒன்றரை மைலுக்குச் சற்று அதிகமான பாதை இருக்கிறது. 4, 5, 6 ரயில்களில் ஒன்றில் லெக்சிங்டன் அவென்யூ 86ஆம் தெருவில் இறங்கி, ஐந்தாம் அவென்யூ வரை மேற்கே நடந்து, 90ஆம் தெரு வாசலில் நுழையுங்கள். மேற்குப் பக்கத்திலிருந்து வருவதானால் பி, சி ரயில்கள். பி ரயில் வார இறுதியில் ஓடாது.

ஏன் 90ஆம் தெரு வாசல்? அது கிழக்குக் கரை. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். தண்ணீர் மேற்கே விரியும். வாத்துகளின் நிறம் உள்ளபடி தெரியும். அதே வாத்தை மேற்குக் கரையிலிருந்து காலை ஒன்பது மணிக்குப் பார்த்தால் வெறும் நிழல். அந்தப் பாதையில் எல்லோரும் இடஞ்சுழியாகத்தான் போக வேண்டும். ஓடுகிறவர்களுக்கு எதிரே நடந்தால் கோபித்துக்கொள்வார்கள். வேலியோரமாக ஒதுங்கி நில்லுங்கள்.

அங்கே நீங்கள் முதலில் தேட வேண்டியது தட்டைவாயன் வாத்து. இங்கே ஷவ்லர் என்பார்கள். ஆணுக்குக் கரும்பச்சைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற வயிறு. அலகு மட்டும் கரண்டி மாதிரி அகன்று இருக்கும். நம் வேடந்தாங்கலுக்கும் குளிர்காலத்தில் வரும் அதே இனம்தான். நான் ஊரில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் அது சாப்பிடுவதைச் சரியாகப் பார்த்தது இங்கேதான். இருபது முப்பது ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றின் வாலை ஒன்று ஒட்டி, தலையைத் தண்ணீருக்குள் விட்டபடி வட்டமாகச் சுற்றுகின்றன. முன்னால் போவது காலால் கலக்கிவிடும் நுண்ணுயிர்களைப் பின்னால் வருவது அலகால் வடிகட்டிக்கொள்கிறது. அலகின் ஓரத்தில் சீப்பு மாதிரி பற்கள் இருக்கின்றன. பத்து நிமிடம் பார்த்தாலும் ஒன்றுகூடத் தலையைத் தூக்காது. பைனாகுலரில் குறிபார்த்துப் பழக இதைவிடப் பொறுமையான பறவை வேறு இல்லை.

பிறகு பஃபிள்ஹெட். உள்ளங்கை இரண்டைச் சேர்த்தால் அடங்கிவிடும் போல இருக்கும் குட்டி வாத்து, ஆணின் தலைக்குப் பின்னால் பெரிய வெள்ளைப் பட்டை. இது முக்குளித்துத் தேடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும். தேடி அலையாமல் அதே இடத்தில் பைனாகுலரை வைத்திருங்கள், பத்துப் பதினைந்து நொடியில் பக்கத்திலேயே வரும். ஹூடட் மெர்கேன்சர் என்ற கொண்டை வாத்து இருந்தால் அன்றைக்கு உங்களுக்கு நல்ல நாள். ஆண் தலைக்கொண்டையை விசிறி மாதிரி விரிக்கும்போது அருகே நிற்கும் ஓட்டக்காரர்களே நின்று பார்ப்பார்கள்.

நீர்த்தேக்கம் முடிந்ததும் தெற்கே இறங்கி ராம்பிள் என்ற காட்டுப் பகுதிக்குப் போங்கள். அங்கே எவோடியா ஃபீல்ட் என்ற இடத்தில் குளிர்காலத்தில் தீனிக் கூடுகள் தொங்கவிடுவார்கள். கார்டினல், சிக்கடி, டிட்மவுஸ் போன்ற சிறு பறவைகள், மரங்கொத்திகள், வெள்ளைத்தொண்டைக் குருவிகள் எல்லாம் பத்தடியில் வரும். திடீரென்று அத்தனையும் உறைந்தது போல நின்றால், சத்தம் சட்டென்று நின்றால், மேலே பாருங்கள். கூப்பர்ஸ் ஹாக் என்ற பருந்து வந்திருக்கும். ஒருமுறை ஒரு சிக்கடி, கொத்திய விதையை வாயில் வைத்தபடி நான்கு நிமிடம் அசையாமல் இருந்ததைப் பார்த்தேன். பருந்து எழுந்து போன பிறகுதான் அது விதையை உடைத்தது.

5. வெயிலும் அலையும்

இந்த ஒரு பகுதியை மட்டும் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் ஒரு சனிக்கிழமை மிஞ்சியிருக்கும்.

குளிர்காலத்தில் இங்கே சூரியன் தென்கிழக்கில் எழுந்து, தெற்கே தாழ்வாகவே ஊர்ந்து, தென்மேற்கில் விழும். தலைக்கு மேல் வரவே வராது. அதனால் எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பதுதான் எல்லாம். மன்ஹாட்டனின் மேற்கு ஓரம், ஹட்சன் ஆற்றைப் பார்த்து: காலையில் போங்கள். புரூக்ளின் பிரிட்ஜ் பார்க், ஈஸ்ட் ரிவரைத் தாண்டி மன்ஹாட்டனைப் பார்த்து: அதுவும் காலையில். மன்ஹாட்டனின் கிழக்கு ஓரம்: மதியத்துக்கு மேல். கோனி ஐலண்ட் கடற்கரை தெற்கு நோக்கியது, நாள் முழுக்க வெயில் கண்ணில்தான். அங்கே மேகமூட்டமான நாளில் போங்கள். வெயில் நாளில் போக நேர்ந்தால் காலையில் மேற்குப் பக்கமாகத் திரும்பி நின்று பாருங்கள்.

அலையேற்றம், வற்றம் இரண்டின் நேரமும் நோவா என்ற அரசு வானிலைக் கடலியல் அமைப்பின் தளத்தில் இலவசம். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரத்து நேரத்தை நம்பாதீர்கள். நீர் ஏறும்போது வாத்துகள் கரையை நெருங்கும். வற்றும்போது சேறும் பாறையும் வெளிப்பட்டு உள்ளான்கள் மேயும். கோனி ஐலண்டின் பாறைத் தடுப்புகளில் பர்ப்பிள் சேண்ட்பைப்பர் என்ற உள்ளான் குளிர்காலம் முழுக்க இருக்கும். பாறை நிறமேதான், அசையாவிட்டால் தெரியாது. நீர் இறங்கும் நேரத்தில் பாசியிலும் சிப்பியிலும் கொத்தித் தின்னும்போது அலை தெறிக்கும், அது ஒரு எட்டு பின்னால் வைத்துவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வரும். அந்த எட்டுத்தான் காட்டிக்கொடுக்கும்.

6. கடலோரத்துக்குப் போகும் வழிகள்

ஜமைக்கா பே. குயின்ஸில் இருக்கிறது. ஏ ரயிலில் பிராட் சேனல் நிலையம். பொறி இங்கேதான்: ஏ ரயில் ராக்கவே பூலவர்டு நிலையத்தில் கிளை பிரியும். ஒரு கிளை லெஃபர்ட்ஸ் போய் முடிந்துவிடும். நெற்றிப் பலகையில் ஃபார் ராக்கவே என்று இருப்பதில் ஏறுங்கள். தப்பாக ஏறிவிட்டால் ராக்கவே பூலவர்டிலேயே இறங்கி அடுத்ததைப் பிடியுங்கள். நான் லெஃபர்ட்ஸ் வரை போய்த் திரும்பினேன், ஒரு மணி நேரம் போயிற்று. வார இறுதியில் தண்டவாள வேலை நடந்தால் பாதி வழிக்குப் பேருந்து விடுவார்கள், கிளம்புமுன் பாருங்கள். நிலையத்திலிருந்து பார்வையாளர் மையத்துக்குப் பதினைந்து இருபது நிமிட நடை. ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு கியூ53 பேருந்து வாசலிலேயே நிற்கும். மேற்குக் குளத்தைச் சுற்றி 1.7 மைல் பாதை. முழுக்கத் திறந்தவெளி, ஒதுங்க நிழலோ சுவரோ கிடையாது. மையத்தில் கழிப்பறையை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கோனி ஐலண்ட். டி, எஃப், என், கியூ நான்கும் அங்கேயே முடியும். எதில் ஏறினாலும் தவறில்லை. கடலுக்குள் நீளும் மரப்பாலத்தின் நுனிவரை போனால் முக்குளித்து மீன் பிடிக்கும் லூன்கள், நீள்வால் வாத்துகள், ஸ்கோட்டர் என்ற கருநிறக் கடல்வாத்துகள்.

ஸ்டேட்டன் ஐலண்ட் படகு. இலவசம், சுமார் 25 நிமிடம், இரவு பகலாக ஓடும். மறுகரையில் எல்லோரும் இறங்கி மறுபடி ஏற வேண்டும், உட்கார்ந்தபடியே திரும்ப முடியாது. குளிர் தாங்காத குழந்தைகள், பெரியவர்களோடு போக இதுதான் நல்லது. பத்து நிமிடம் வெளித்தளம், பிறகு உள்ளே வெப்பம், கழிப்பறையும் உண்டு.

பெல்ஹாம் பே பார்க். 6 ரயிலின் கடைசி நிலையம். நகரத்திலேயே பெரிய பூங்கா. தனியாக முதல்முறை போகாதீர்கள், வழி தவறும். குழுவோடு போங்கள்.

7. எல்லாம் உறைந்துவிட்டால்

மூன்று நான்கு நாள் தொடர்ந்து 32க்குக் கீழே இருந்தால் சிறு குளங்கள் முதலில் உறையும், அப்புறம் பிராஸ்பெக்ட் பார்க் ஏரி, கடைசியில் நீர்த்தேக்கம். இதைப் பார்த்ததும் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். உப்புநீர் உறைய நன்னீரைவிடக் கூடுதல் குளிர் வேண்டும், ஈஸ்ட் ரிவரும் ஹட்சனும் அலையோடு ஓடிக்கொண்டே இருக்கும். குளத்து வாத்துகள் அங்கே குவியும். புரூக்ளின் பிரிட்ஜ் பார்க்கின் பழைய கப்பல்துறைத் தூண்களுக்கு நடுவே அந்த வாரங்களில் காட்வால் என்ற வாத்து, பஃபிள்ஹெட், பிரான்ட் என்ற கடலோர வாத்தினம் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கும். உறைந்த ஏரியில் எங்காவது ஒரு திறந்த ஓட்டை இருந்தால் அதில் நூறு வாத்துகள் நெருக்கி அடித்து நிற்கும். படத்துக்காகப் பனிக்கட்டி மேல் கால் வைக்காதீர்கள்.

8. எதை முதலில் கற்றுக்கொள்வது

கடற்காகங்களை முதல் வருடம் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலகில் கறுப்பு வளையம், மஞ்சள் கால் என்றால் ரிங்-பில்டு. இளஞ்சிவப்புக் கால், சாம்பல் முதுகு என்றால் ஹெர்ரிங். முதுகு கன்னங்கரேல், உடம்பு மற்றவற்றைவிட ஒரு சுற்றுப் பெரிது என்றால் கிரேட் பிளாக்-பேக்டு, உலகிலேயே பெரிய கடற்காகம். பழுப்புப் புள்ளியோடு திரிவதெல்லாம் இளம் பறவைகள். சில இனங்களுக்கு முழு நிறம் வர நான்கு வருடம் ஆகும். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். நான் ஒரு முழு மதியத்தை ஒரே ஒரு பழுப்புக் கடற்காகத்தில் செலவழித்திருக்கிறேன்.

அரிய பறவை வந்திருக்கிறது என்று கைபேசி ஒலிக்கும்போதெல்லாம் கிளம்பாதீர்கள். இரண்டு ரயில் மாறிப் போய்ச் சேரும்போது அது பறந்திருக்கும். ஒரே ஏரிக்கு எட்டு வாரம் தொடர்ந்து போனால், ஒன்பதாவது வாரம் வித்தியாசமாக ஒன்று மிதக்கும்போது உங்கள் கண்ணே சொல்லும்.

9. செய்யக் கூடாதவை

ஆந்தை பகலில் உறங்கும் மரத்தை எங்கும் பதிவிடாதீர்கள். 2021 ஜனவரி 27 அன்று சென்ட்ரல் பார்க்கில் ஒரு பனி ஆந்தை இறங்கியது, 1890க்குப் பிறகு அங்கே முதல்முறையாக. சில மணி நேரத்தில் பெருங்கூட்டம் கூடிவிட்டது. குளிர்காலத்தில் ஆந்தைக்கு ஒவ்வொரு முறை எழுந்து பறப்பதும் சக்தி விரயம். நீங்கள் நெருங்கியதும் அது கண்ணைத் திறந்து உங்களையே பார்த்தால், ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம்.

ரொட்டி போடாதீர்கள். வயிறு நிரம்பும், சத்து இருக்காது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள், கரையில் போய்ச் சொன்னால் அழுகைதான் வரும். இறந்த பறவையைத் தொடாதீர்கள், பறவைக்காய்ச்சல் இருக்கலாம். 311 என்ற நகர உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். கண்ணாடிக் கட்டடத்தில் மோதி அடிபட்டதைக் கண்டால் காற்றோட்டமுள்ள காகிதப் பையில் மென்மையாக வைத்து, மன்ஹாட்டன் கொலம்பஸ் அவென்யூவில் இருக்கும் வைல்ட் பேர்ட் ஃபண்ட் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

10. கூட யாராவது வேண்டுமென்றால்

என்ஒய்சி பேர்ட் அலையன்ஸ் (2024 வரை என்ஒய்சி ஆடுபான்), புரூக்ளின் பேர்ட் கிளப், லின்னேயன் சொசைட்டி மூன்றும் குளிர்காலத்திலும் நடைகள் நடத்துகின்றன. சில இலவசம், சிலவற்றுக்கு முன்பதிவும் கட்டணமும் உண்டு. பைனாகுலர் இல்லாதவர் முதலில் ஒரு நடைக்குப் போய், பிறகு வாங்குவது நல்லது. கூட வருபவர்கள் தங்களுடையதைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதில் தெரிவதைப் பார்த்து எது உங்கள் கைக்குச் சரி என்று முடிவெடுக்கலாம்.

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பங்கேற்கக் கட்டணம் இல்லை. சென்ட்ரல் பார்க்கிலும் ஒரு நாள் குறித்து, பூங்காவைப் பகுதிகளாகப் பிரித்து எண்ணுவார்கள். புதியவர்களை அனுபவசாலிகளோடு சேர்த்துவிடுவார்கள். நவம்பரிலேயே அறிவிப்பைப் பார்த்துப் பெயர் கொடுங்கள். நான் டிசம்பர் பத்தாம் தேதி கேட்டேன், இடம் முடிந்துவிட்டது. அடுத்த வருடம் முன்பே கொடுத்து, எனக்குக் கிடைத்த வேலை நீர்த்தேக்கத்தின் வடக்கு மூலையில் நின்று தட்டைவாயன்களை எண்ணுவது. சுற்றிக்கொண்டே இருப்பதால் எண்ணுவது கடினம். பக்கத்திலிருந்த பெரியவர், வால்களை எண்ணாதே, வட்டங்களை எண்ணி ஒரு வட்டத்துக்கு எத்தனை என்று பெருக்கு என்றார். அப்படித்தான் எண்ணினேன். நீங்களும் அப்படியே எண்ணுங்கள்.